அரண் செய்தல்: ஆங்கில வினைச்சொல் ஒன்றின் பொருளும் வழக்கும் பிறப்பும்

ஒரு மொழியின் சொல்லை மற்றொரு மொழியின் சொல்லால் உணர்த்துதல் ஆசிரியத் தொழிலின் அன்றாடக் கடமைகளுள் ஒன்று. அக்கடமைக்கு அகராதி பெருந்துணை செய்கின்றது. எனினும் அகராதியானது ஒரு சொல்லுக்கு நேரே ஒரு சொல்லை நிறுத்திக் காட்டுமேயன்றி, அச்சொல் எவ்விடத்தில் வரும், எவ்விடத்தில் வாராது என்பதனை விரித்துரைப்பது அரிது. ஆதலின் அகராதிப் பொருளை மட்டும் மனனஞ் செய்த மாணாக்கன், சொல்லை அறிந்தவனாகியும் அதனை ஆளமாட்டாதவனாய் நிற்கின்றான்.

இதற்குச் சான்றாக ஒரு சொற்குடும்பத்தினை ஈண்டு எடுத்துக்கொள்வோம். ஸ்ட்ரெங்தன், ஃபோர்ட்டிஃபை, ரீஇன்ஃபோர்ஸ், கொன்சொலிடேட், கொறொபொரேட் என ஆங்கிலத்தில் ஐந்து வினைச்சொற்கள் உள. இவை ஐந்திற்கும் நம் மாணாக்கர் எழுதிவைத்திருக்கும் பொருள் ஒன்றே. அது 'பலப்படுத்து' என்பது. பொருள் ஒன்றாயின் சொல் ஐந்து எதற்கு என்று எவரும் வினவுவதில்லை. அதன் பயனாக, "தினமும் வாசித்து என் ஆங்கிலத்தைப் பலப்படுத்தினேன்" என்று எழுதக் கருதிய மாணவன் ஃபோர்ட்டிஃபை என்னுஞ் சொல்லை இட்டு எழுதுகின்றான். வாசிக்கும் ஆங்கிலேயனுக்கோ, அம்மாணவன் தன் ஆங்கிலத்தைச் சுற்றி மதில் எழுப்பினான் என்பது போலத் தோன்றும். இலக்கணப் பிழை அங்கே ஒன்றுமில்லை. சொல் இடமறியாது வந்ததே குற்றம்.

இவ்வைந்தனுள் ஃபோர்ட்டிஃபை என்பதனையே இக்கட்டுரையிற் சிறப்பாக ஆராய்வோம். அதனைத் தேர்ந்தமைக்குக் காரணமுண்டு. கண்டியைச் சூழ்ந்த இம்மலைநாட்டினைக் குறித்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இச்சொல் ஆளப்பட்டிருக்கின்றது. மேலும், இதற்கு நேரான தமிழ்ச்சொல் 'பலப்படுத்து' என்பதன்று. அதனினும் பொருத்தமான பழந்தமிழ்ச் சொல்லொன்று நம்மிடம் உண்டு.

1. சொல்லின் பிறப்பு

ஃபோர்ட்டிஃபை என்பது ஆங்கில மண்ணிற் பிறந்த சொல்லன்று. இலத்தீன் மொழியில் ஃபோர்ட்டிஸ் என்றால் வலியது, உறுதியுடையது என்று பொருள். ஃபாக்கெரே என்றால் செய்தல் என்று பொருள். இவ்விரண்டும் கூடிய ஒரு வினைச்சொல் பிற்கால இலத்தீனில் வழங்கிப் பிரெஞ்சு மொழியுட் புகுந்து, அங்கிருந்து 15ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்தை அடைந்தது. எனவே சொல்லைப் பிரித்துப் பொருள் கொள்ளின் 'வலியதாகச் செய்' என்பதே அதன் நேர்ப்பொருளாம்.

இச்சொல்லின் ஈற்றில் நிற்கும் 'ஃபை' என்னும் உறுப்பினை மாணாக்கர் நன்கு மனத்திற் கொள்ளுதல் வேண்டும். நம் மொழியில் 'ஆக்கு' என்பது செய்யும் தொழிலை அஃது ஆங்கிலத்திற் செய்கின்றது. தூயதாக்குதல் பியூரிஃபை, எளிதாக்குதல் சிம்ப்ளிஃபை, பெரிதாக்கிக் காட்டுதல் மேக்னிஃபை. ஈறு ஒன்றனை அறிந்தவன் பல சொற்களுக்குத் திறவுகோல் பெற்றவனாகின்றான்.

முன்னிற்கும் பகுதியும் அவ்வாறே பல சொற்களுக்குத் தாயாக உள்ளது. கோட்டையைக் குறிக்கும் ஃபோர்ட், பெருங்கோட்டையைக் குறிக்கும் ஃபோர்ட்ரெஸ், துன்பத்திற் கலங்காத உளத்திட்பத்தைக் குறிக்கும் ஃபோர்ட்டிட்யூட், விசையையும் வலிமையையும் குறிக்கும் ஃபோர்ஸ், முயற்சியைக் குறிக்கும் எஃபர்ட் ஆகிய யாவும் ஃபோர்ட்டிஸ் என்னும் அவ்வொரு வேரிற் கிளைத்தவையே.

இக்குடும்பத்தில் நாம் எதிர்பாராத உறுப்பினர் ஒருவரும் உளர். அது கம்ஃபர்ட் என்னுஞ் சொல். இன்று அது மெத்தை நாற்காலியையும் சொகுசையும் நினைப்பூட்டுகின்றது. ஆயினும் அதன் தொடக்கப் பொருள் 'மிகவும் வலுப்பெறச் செய்தல்' என்பதே. துயருற்றவனுக்கு ஆறுதல் கூறுதல் என்பது தளர்ந்த உள்ளத்திற்கு வலுவூட்டுதல் என்ற கருத்து அச்சொல்லினுள் உறைந்து கிடக்கின்றது. தமிழிலும் இதற்கு இணையுண்டு. நோயுற்ற உடல் வலுப்பெறுங்கால் 'தேறினான்' என்கின்றோம். அதன் பிறவினையாகிய 'தேற்று' என்பதோ ஆறுதல் கூறுதலைக் குறிக்கும். கிறித்தவ வேதாகமத்தைத் தமிழாக்கியோர் பரிசுத்த ஆவியைத் தேற்றரவாளன் என்று வழங்கினர். ஆங்கில வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில் அவ்விடத்தில் நிற்பது கம்ஃபர்ட் என்பதிலிருந்து பிறந்த பெயரே. இருவேறு மொழிகள் ஒரே வழியில் எண்ணியிருப்பது நோக்கி இன்புறத்தக்கது.

ஈண்டு ஓர் எச்சரிக்கையுங் கூறுதல் வேண்டும். ஒலி ஒப்புமை கண்டு உறவு கூறுதல் ஆகாது. நற்பேற்றினைக் குறிக்கும் ஃபோர்ச்சூன் என்பது வேறொரு வேரில் வந்தது. இருவாரத்தைக் குறிக்கும் ஃபோர்ட்நைட் என்பதோ 'பதினான்கு இரவுகள்' என்னும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம். இவை நம் சொல்லுக்கு அயலார். முகச்சாயல் மட்டும் ஒத்தவர்.

2. சொல்லின் உட்பொருள்

வேரின் பொருள் 'வலியதாகச் செய்' என்பதாயினும், வழக்கிலே இச்சொல் ஒரு குறிப்பிட்ட வலிமையினையே சுட்டுகின்றது. தாக்குதலைத் தாங்கும் வலிமையே அது. ஒரு பொருளை ஃபோர்ட்டிஃபை செய்தல் என்றால், வரவிருக்கும் இடர் ஒன்றனை எதிர்பார்த்து, அதற்கு முன்னரே, அப்பொருளுடன் வேறொன்றனைச் சேர்த்து, அதனை எதிர்நிற்கச் செய்தல் என்று விரித்துரைக்கலாம்.

ஆகவே இச்சொல்லை ஆளப்புகுவோன் தன்னைத்தானே மூன்று வினாக்கள் வினவிக்கொள்ளுதல் நன்று. காக்கப்படுவது யாது? அதற்கு வரும் இடர் யாது? காத்தற்பொருட்டுச் சேர்க்கப்படுவது யாது? நகர் ஒன்று காக்கப்படுவதாயின் பகைப்படை இடர். மதிலும் அகழியும் சேர்க்கப்படுவன. உள்ளம் காக்கப்படுவதாயின் துன்பம் இடர், நம்பிக்கை சேர்க்கப்படுவது. இம்மூன்றும் விளங்கத் தோன்றுமிடத்து இச்சொல் பொருந்தும். தோன்றாவிடத்து வேறு சொல்லை நாடுதல் வேண்டும். மேலே காட்டிய மாணவனது வாக்கியத்தில் ஆங்கில அறிவுக்கு இடர் செய்யும் பகைவர் எவருமிலர். அறிவு வளர்ந்தது, அவ்வளவே. அதற்கு ஸ்ட்ரெங்தன் அல்லது இம்புறூவ் என்பதே தகும்.

3. நம் மலைநாடும் இச்சொல்லும்

ஆங்கில மாலுமியாகிய றொபேட் நொக்ஸ் என்பவர் 1660ஆம் ஆண்டில் திருகோணமலைக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரக் குடாவிற் சிறைபிடிக்கப்பட்டு, இரண்டாம் இராசசிங்க மன்னனது கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தடுத்து வைக்கப்பட்டிருந்தார். 1679இல் தப்பிச் சென்று, இலங்கையைப் பற்றித் தாம் எழுதிய நூலினை 1681இல் இலண்டனில் வெளியிட்டார். அந்நூலிலே கண்டி நாட்டின் இயல்பினை விவரிக்குமிடத்து அவர் ஆண்ட வினை ஃபோர்ட்டிஃபை என்பதே.

அவர் அதனைச் செயப்பாட்டு வினையாக ஆண்டமை கவனிக்கத்தக்கது. இந்நாட்டை அரண் செய்தவர் யார்? மன்னனுமல்லன், சிற்பியுமல்லன். இயற்கையே இதனை அரண் செய்துள்ளது என்பது அவர் கூற்று. எத்திசையிலிருந்து வரினும் உயர்ந்த மலைகளில் ஏறியே ஆகவேண்டும் என்றும், வழிகள் பல எனினும் ஒருவர் பின் ஒருவராகவே செல்லத்தக்க ஒடுக்கமுடையன என்றும், அவ்வழிகளிலே மலையடியிலும் மலையுச்சியிலும் முட்கதவுகள் அமைத்துக் காவலர் நிறுத்தப்பட்டனர் என்றும் அவர் விளக்குகின்றார்.

மேற்கூறிய மூன்று வினாக்களை இவ்விடத்துப் பொருத்திப் பார்ப்போம். காக்கப்படுவது கண்டி இராச்சியம். இடர் கரையோரத்தைக் கைப்பற்றிய ஐரோப்பியர் படை. சேர்ந்து நின்று காப்பன மலையும் காடும் ஆறும் முட்கதவும். சொல் தன் முழுப்பொருளோடும் வந்து அமர்ந்திருத்தல் காண்க. நொக்ஸ் ஸ்ட்ரெங்தன் என்பதனை ஆண்டிருப்பின் இவ்வளவும் புலப்பட்டிராது.

வரலாறும் அவர் கூற்றினை மெய்ப்பித்துள்ளது. 1594இல் தந்துறையிலும் 1638இல் கன்னொறுவையிலும் மலையேறி வந்த போர்த்துக்கேயப் படைகள் அழிந்தன. 1803 ஜூன் மாதத்தில், மேஜர் டேவி என்பவர் தலைமையிற் கண்டியிலிருந்து பின்வாங்கிய ஆங்கிலேயப் படை, வட்டபுலுவ என்னுமிடத்தில் மகாவலி கங்கை பெருகிக் கிடந்தமையாற் கடக்கமாட்டாது சிக்கி அழிந்தது. மடவளைப் பகுதியிலிருந்து கண்டிக்குச் செல்லும் நாம் இன்று பாலத்தின்மீது சில நொடிகளிற் கடந்துபோகும் அதே ஆறு, அன்று ஒரு தலைநகரின் அகழியாக நின்றது. கிழக்கே நோக்கின் மூடிய கையின் முட்டிகளைப் போலத் தோன்றும் நக்கிள்ஸ் மலைத்தொடர். சிங்களத்தில் அதனைத் தும்பறை மலைத்தொடர் என்பர். ஃபோர்ட்டிஃபை என்னும் சொல்லின் பொருளை விளக்குதற்கு இப்பகுதி ஆசிரியர்க்குக் கரும்பலகையும் வேண்டுவதில்லை. சாளரத்தைத் திறந்து காட்டுதல் போதும்.

4. தமிழில் அரண்

நொக்ஸ் கூறிய இக்கருத்தினைத் தமிழர் அவருக்கு நெடுங்காலத்துக்கு முன்னரே வகுத்துரைத்துள்ளனர். திருக்குறளின் பொருட்பாலில் 75ஆம் அதிகாரம் 'அரண்' என்பது. அரசர்க்கு உரிய ஆறு உறுப்புகளுள் ஒன்றாக வள்ளுவர் அரணை வைத்தார். மனிதர் கட்டிய மதிலை மட்டும் அவர் அரண் என்று கொண்டாரல்லர். நீரும் வெளிநிலமும் மலையும் காடும் அரணாம் என்றார். கட்டப்படும் மதிலுக்கு உயரமும் அகலமும் உறுதியும் பகைவர் அணுகற்கு அருமையும் வேண்டும் என்றார். உள்ளிருப்போர்க்கு உணவு நிறைந்திருத்தலும் அரணின் இலக்கணம் என்றார்.

புறப்பொருள் இலக்கணத்திலும் அரண் தனியிடம் பெற்றுள்ளது. மதிலை வளைத்தல் உழிஞைத் திணை. வளைக்கப்பட்ட மதிலைக் காத்தலைப் பிற்கால இலக்கண நூலார் நொச்சி எனத் தனித் திணையாக்கினர். எயில், மதில், இஞ்சி, ஞாயில், அகழி, கோட்டை எனக் காவற் கட்டுமானம் பற்றிய சொற்கள் நம் மொழியில் நிறைந்திருக்கின்றன. மன்னன் உறையும் மாளிகையை நாம் இன்றும் அரண்மனை என்கின்றோம்; அச்சொல்லைக் கூறுவோருட் பலர் அதனுள் அரண் இருப்பதை எண்ணுவதில்லை.

ஆகவே ஃபோர்ட்டிஃபை என்பதற்கு நேரான தமிழ் 'அரண் செய்' என்பதே. 'அரண்' என்பது காவலைச் சுட்டும். 'செய்' என்பது இலத்தீன் ஃபாக்கெரே என்பதனோடு ஒக்கும். 'பலப்படுத்து' என்னும் சொல்லிற் காவற்கருத்து இல்லை. நம்மிடமுள்ள தகுந்த சொல்லை மறந்தமையினாலேயே ஆங்கிலச் சொல்லின் நுட்பமும் நமக்குப் புலப்படாது போயிற்று. தாய்மொழிச் சொல்வளம் குன்றியவனுக்குப் பிறமொழிச் சொல்வளம் கைகூடுதல் அரிது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

5. உடனிற்கும் சொற்கள்

இனி மற்றை நான்கு சொற்களையும் சுருங்க நோக்குவோம்.

ஸ்ட்ரெங்தன் என்பது ஆங்கிலத்தின் சொந்தச் சொல். ஸ்ட்ரோங் என்பது அடைமொழி. ஸ்ட்ரெங்த் என்பது அதனிற் பிறந்த பெயர். அப்பெயரின் ஈற்றில் 'என்' என்னும் விகுதி சேர ஸ்ட்ரெங்தன் என்னும் வினை தோன்றியது. லோங், லெங்த், லெங்தன் என்பனவும் இவ்வாறே. ஆனால் வீக், டீப் முதலியன பெயராகாது நேரே விகுதி பெற்று வீக்கன், டீப்பன் என்றாகும். இவ்வேறுபாட்டை அறியாதார் 'ஸ்ட்ரோங்கன்' என்று இல்லாத சொல்லைப் படைத்து விடுவர். எவ்வகை வலிமைக்கும் இச்சொல் பொதுவாகப் பொருந்தும்: உடல், உறவு, சட்டம், காற்று, கயிறு ஆகிய அனைத்துக்கும் வரும். தமிழில் 'வலுப்படுத்து' என்பது இதற்கு நேர்.

ரீஇன்ஃபோர்ஸ் என்பது முன்னரே ஓரளவு வலிமையுடையதற்கு மேலும் வலுச் சேர்த்தல். போர்முனையில் நிற்கும் படைக்குத் துணைப்படை அனுப்புதலும், கொங்கிறீற்றினுள் இரும்புக் கம்பி வைத்தலும் இச்சொல்லால் உணர்த்தப்படும். 'வலுவூட்டிய கொங்கிறீற்று' என்று நாம் வழங்குவது இதன் மொழிபெயர்ப்பே.

கொன்சொலிடேட் என்பது சிதறிக் கிடப்பனவற்றை ஒருங்கு சேர்த்துக் கெட்டிப்படுத்தல். திண்மையைக் குறிக்கும் இலத்தீன் சொல் அதன் வேர். பல சிறு கடன்களை ஒன்றாக்குதலும், பெற்ற வெற்றியை நிலைநிறுத்துதலும் இதனால் உணர்த்தப்படும்.

கொறொபொரேட் என்பது சான்றுக்கும் கூற்றுக்கும் மட்டுமே இக்காலத்து வழங்குவது. ஒருவன் கூறியதை மற்றொருவன் சான்று உறுதி செய்தல் என்பது பொருள். இதன் வேராகிய இலத்தீன் ரோபுர் என்பது ஓக் மரத்தையும் அதன் உறுதியான கட்டையையும் குறித்து, அதனின்று வலிமையையும் குறித்தது. மரத்தின் நடுவிலுள்ள உறுதியான பகுதியை நாம் வைரம் என்கின்றோம்; உறுதியுடையவனை வைரம் பாய்ந்தவன் என்கின்றோம். உரோமரும் தமிழரும் வலிமையை மரத்திற் கண்டனர் என்க.

தமிழிலும் இத்தகைய நுட்ப வேறுபாடுகள் உள்ளமையை மாணாக்கர் மறத்தலாகாது. வலி என்பது பழந்தமிழில் வலிமை. திருக்குறளில் 'வலியறிதல்' என்னும் அதிகாரம் நோவைப் பற்றியதன்று. வலியுறுத்து என்றால் ஒரு கருத்தை அழுத்திக் கூறுதல். வலுப்படுத்து என்றால் வலிமை சேர்த்தல். வலுத்தது என்றால் தானாகவே வலிமை மிகுந்தது. இம்மூன்றும் ஒரு வேரினவேயாயினும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று வாராது. நம் மொழியில் இவற்றை மயக்கி எழுதுபவனை நாம் திருத்துகின்றோம் அல்லவா? ஆங்கிலத்திலும் அத்துணைக் கவனம் வேண்டும்.

6. இலக்கண வழக்கு

ஃபோர்ட்டிஃபை என்பது செயப்படுபொருள் குன்றா வினையாகவே பெரும்பாலும் வழங்கும். ஸ்ட்ரெங்தன் என்பதோ இருவகையாகவும் வழங்கும். 'காற்று வலுத்தது' என்பதற்கு ஸ்ட்ரெங்தன் வரலாம், ஃபோர்ட்டிஃபை வாராது. காற்று தன்னைத் தானே அரண் செய்துகொள்வதில்லை.

எதனால் அரண் செய்யப்பட்டது என்பதனைக் காட்ட வித் என்னும் முன்னிடைச்சொல் வரும். எதற்கு எதிராக என்பதனைக் காட்ட அகெய்ன்ஸ்ட் வரும். யாரால் என்பதனைக் காட்டச் செயப்பாட்டு வினையிற் பை வரும். தமிழில் 'மதிலால்' எனவும் 'மன்னனால்' எனவும் இரண்டிடத்தும் மூன்றாம் வேற்றுமை உருபே வருதலின், நம் மாணாக்கர் வித் வரவேண்டிய இடத்திற் பை இட்டு எழுதுவர். கருவிக்கு வித், வினைமுதலுக்குப் பை என்று கொள்ளின் பெரும்பாலும் மயக்கம் நீங்கும். நொக்ஸ் இயற்கைக்குப் பை இட்டார். ஏனெனில் அவர் இயற்கையைக் கருவியாக அன்றி வினைமுதலாகவே கண்டார்.

எழுத்துக்கூட்டலிலும் ஒன்று நோக்குக. இச்சொல்லின் இறுதியில் நிற்கும் வை என்னும் ஆங்கில எழுத்து, இறந்தகால விகுதி சேருமிடத்து ஐ என்னும் எழுத்தாகத் திரியும். நிகழ்கால எச்ச விகுதியாகிய இங் சேருமிடத்துத் திரியாது நிற்கும். தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் விகாரங்களை நன்னூலிற் கற்ற மாணாக்கர்க்கு இஃது அரிதன்று. ஒலிக்குங்கால் மூன்று அசைகளுள் முதலசையையே அழுத்துதல் வேண்டும்.

7. உணவும் உள்ளமும்

மதிலுக்கும் மனத்துக்கும் வழங்கிய இச்சொல் 20ஆம் நூற்றாண்டில் உணவுக்கும் வழங்கலாயிற்று. உணவிற் குறைவாகவுள்ள உயிர்ச்சத்துகளையும் தாதுப்பொருள்களையும் சேர்த்து அதனை நோய்க்கு எதிராக நிற்கச் செய்தலையும் ஃபோர்ட்டிஃபை என்றே ஆங்கிலேயர் வழங்குவர். நம் நாட்டிற் கர்ப்பிணிகளுக்கும் சிறுவர்க்கும் 1973 முதல் வழங்கப்பட்டுவரும் திரிபோஷா மா இதற்கு எடுத்துக்காட்டு. சோளமும் சோயாவும் கலந்த மாவில் உயிர்ச்சத்துகளும் தாதுப்பொருள்களும் சேர்க்கப்படுகின்றன. அயடீன் சேர்த்த உப்பும் அவ்வாறே.

தமிழ்நாட்டில், இரும்புச்சத்து முதலியன சேர்த்து நியாயவிலைக் கடைகளில் வழங்கப்படும் அரிசியைச் 'செறிவூட்டப்பட்ட அரிசி' என்கின்றனர். இங்கே 'அரண் செய்த அரிசி' என்று மொழிபெயர்த்திருப்பின் நகைப்புக்கிடமாகும். மொழிபெயர்த்தோர் சொல்லை நோக்காது செயலை நோக்கினர். சத்து செறியுமாறு ஊட்டப்படுகின்றது என்று கண்டு சொல்லாக்கினர். எனவே ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு எல்லாவிடத்தும் ஒரே தமிழ்ச்சொல் என்னும் விதி இல்லை. நகருக்கு அரண் செய்தல், உணவுக்குச் செறிவூட்டல், உள்ளத்துக்குத் திடமூட்டல் என இடம் நோக்கி மொழிபெயர்த்தலே முறை.

8. இதனாற் பெறும் பயன்

இத்துணை நுணுக்கம் பரீட்சைக்கு மட்டுமோ வேண்டும் என்று சிலர் வினவலாம். அன்று. நம் மாணாக்கருட் பலர் தம் குடும்பத்தில் ஆங்கிலம் எழுதத் தெரிந்த முதற் பிள்ளைகள். அயலாரின் விண்ணப்பங்களும் முறைப்பாடுகளும் அவர்கள் கையாலேயே எழுதப்படுகின்றன. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தினாலே தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆங்கிலம் இணைப்பு மொழியாயிற்று. ஆதலின் தமிழில் எழுதும் உரிமை நமக்குண்டு. ஆயினும் பொறியியலாளர் அறிக்கைகளும் காப்புறுதிப் பத்திரங்களும் ஆங்கிலத்தில் வரும்பொழுது அவற்றுக்கு விடையிறுக்க வேண்டியவர் இப்பிள்ளைகளே.

மலைநாட்டு மக்களுக்கு மண்சரிவின் அச்சம் புதிதன்று. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியதை நாம் மறக்கவில்லை. வீட்டின் பின்னுள்ள தாங்கு சுவர் வெடித்திருக்கின்றது, அதற்கு வலுவூட்டித் தாருங்கள் என்று ஒரு குடும்பம் கேட்கக் கருதுகின்றது எனக் கொள்வோம். அங்கே ரீஇன்ஃபோர்ஸ் என்று எழுதின், இருக்கும் சுவர் போதாது, மேலும் வலுச் சேர்க்க வேண்டும் என்பது உடனே விளங்கும். ஃபோர்ட்டிஃபை என்று எழுதின், அதிகாரி இருமுறை வாசித்து ஐயுறுவார். கொன்சொலிடேட் என்று எழுதினோ, பொருள் வேறெங்கோ சென்றுவிடும். சரியான சொல் விண்ணப்பத்தைத் தாமதமின்றி விளங்கச் செய்யும். மழைக்காலத்தில் அத்தாமதம் சிறிதன்று.

மாணாக்கர்க்குப் பயிற்சியாகச் சில வாக்கியங்களைக் கீழே தருகின்றேன். ஒவ்வொன்றுக்கும் ஐந்து வினைகளுள் பொருந்துவது எது எனக் காண்க.

(அ) ஒல்லாந்தர் யாழ்ப்பாண நகரைக் கோட்டை மதிலாற் காவல் செய்தனர்.
(ஆ) வழிப்போக்கன் சாட்சியம் முறைப்பாட்டாளரின் கூற்றை உறுதி செய்தது.
(இ) அன்றாட உடற்பயிற்சி கால்களை வலுப்படுத்தும்.
(ஈ) மேசையின் காலுக்கு இரும்புத் தகடு வைத்து மேலும் வலுவூட்டினான்.
(உ) சிறு சிறு சங்கங்களை ஒன்றாக்கி உறுதிப்படுத்தினர்.

விடைகள் முறையே ஃபோர்ட்டிஃபை, கொறொபொரேட், ஸ்ட்ரெங்தன், ரீஇன்ஃபோர்ஸ், கொன்சொலிடேட் என்பன. பிழைத்தவர் முதலில் ஆங்கிலத்தை விடுத்துத் தமிழ் வாக்கியத்தை மீண்டும் வாசிக்க. என்ன நிகழ்ந்தது என்பது தமிழிலே தெளிவாயின் ஆங்கிலச் சொல் தானே வந்து பொருந்தும்.

9. முடிவுரை

இயற்கை அரண் செய்த கண்டி இராச்சியம் 1815ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கைப்பட்டது. மலைகள் அப்பொழுதும் நின்றன, ஆறும் ஓடியது, காடும் இருந்தது. மன்னனுக்கும் பிரதானிகளுக்குமிடையே விளைந்த பகையினாலே உள்ளிருந்தோர் பிரிந்தனர். பெரும்போர் இன்றியே தலைநகர் வீழ்ந்தது. எத்துணைச் சிறந்த அரணாயினும் உள்ளே செயற்றிறம் உடையார் இல்லாவிடில் அது பயன்படாது என்று அரண் அதிகாரத்தை வள்ளுவர் முடித்தமைக்கு நம் மண்ணே உரை எழுதியது எனலாம்.

அதே வள்ளுவர் அறிவுடைமையைக் கூறும் அதிகாரத்தில், பகைவர் உட்புகுந்து அழிக்கவியலாத அரண் ஒன்று உண்டு, அஃது அறிவே என்றார். ஃபோர்ட்டிஃபை என்னும் சொல்லை ஆங்கிலேயர் உள்ளத்திற்கு ஏற்றி வழங்குவதற்குப் பன்னூறு ஆண்டுகள் முன்னரே, அரண் என்னும் சொல்லைத் தமிழர் அறிவுக்கு ஏற்றி வழங்கினர் என்பது இதனாற் பெறப்படும்.

பழைய மாணவர்களும் இன்றைய மாணாக்கரும் ஆசிரியரும் ஒருங்கு கூடி விழாக் கொண்டாடும் இவ்வேளையில், நம் கல்லூரி செய்துவரும் பணியினைக் குறிக்க இந்த ஐந்து வினைகளுள் எது தகும் என்று எண்ணிப் பார்த்தேன். வறுமையும் அறியாமையும் வருமென்று முன்னறிந்து, அவை வருமுன்னே பிள்ளைகளுக்குக் கல்வியைச் சேர்த்துக் காக்கின்றது நம் கல்லூரி. காக்கப்படுவது, இடர், சேர்க்கப்படுவது ஆகிய மூன்றும் இங்கே தெளிவாக உள. எனவே ஐயமின்றி ஃபோர்ட்டிஃபை என்று எழுதலாம். தமிழில் அரண் செய்கின்றது எனலாம். அவ்வரண் நீடு நிலைபெறுக.